பல்லுக்குக் கம்பி, ஈறுகளுக்குக் காவல்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பற்களுக்கு உறுதி தரும் என்று நம் முன்னோர் கூறினர். அவர்கள் நாடிய உறுதி, பல்லின் வெண்மையைப் பற்றியது மட்டுமன்று. பல்லைப் பிடித்து நிற்கும் ஈறுகளைப் பற்றியதும் ஆகும். இன்று குச்சியின் இடத்தைப் பல்துலக்கி பெற்றுவிட்டது. ஒழுங்கின்றி முளைத்த பற்களை வரிசைப்படுத்தும் கம்பியும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் நகரத்து வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டுமே காணப்பட்ட இக்கம்பியைக் குளுவாங், கூலாய், லாபிஸ், சிகாமட் முதலிய ஜொகூர் வட்டாரங்களில் இடைநிலைப் பள்ளிகளுக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளும் இப்பொழுது அணிகின்றனர். இது மகிழத்தக்க முன்னேற்றமே.

ஆயினும், கம்பி பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அன்றுதான் வேலை தொடங்குகிறது. பல்லை நகர்த்துவது மருத்துவரின் பொறுப்பு. அப்பல் நிற்கும் இடத்தை நோயின்றிக் காப்பது பிள்ளையின் பொறுப்பு. அதனை மேற்பார்வையிடுவது பெற்றோரின் பொறுப்பு. வரிசையான பற்களும் கெட்டுப்போன ஈறுகளும் ஒரே வாயில் இருக்குமாயின், அச்சிகிச்சையால் பெற்ற பயன் என்ன? இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கம்பி செய்யும் வேலை

பற்களை வரிசைப்படுத்தும் எண்ணம் புதியதன்று. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவரான பியேர் ஃபோஷார், 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் உலோகப் பட்டையைக் கொண்டு பற்களைச் சீராக்கும் முறையை விளக்கியுள்ளார். பின்னர் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் பொருத்தும் முறை வழக்கில் இருந்தது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமலை மெல்லிய அமிலத்தால் பதப்படுத்தினால் அதன்மேல் பிசின் உறுதியாக ஒட்டும் என்பதை 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் கண்டறிந்தார். அதன் பயனாகவே, பிராக்கெட் எனப்படும் சிறு தாங்கிகளைப் பல்லின் முகப்பில் நேராக ஒட்டும் இன்றைய முறை தோன்றியது.

இத்தாங்கிகளின் ஊடே ஒரு கம்பி செல்கிறது. கம்பி தன் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயலும்பொழுது பல்லை மெல்லத் தள்ளுகிறது. பல் தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு சிறிது கரைகிறது. விலகிய பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறு எலும்பு கரைந்தும் வளர்ந்தும் இடம் கொடுப்பதால்தான் பல் நகர்கிறது. அந்நகர்ச்சி மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே. ஆகவேதான் இச்சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை நீடிக்கிறது.

சில பிள்ளைகள் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே சிறு ரப்பர் வளையங்களை மாட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் இயற்கை ரப்பர் பாலிலிருந்து செய்யப்படுபவை. மரத்தில் நாம் வடித்த பால், உலகைச் சுற்றி நம் பிள்ளையின் வாய்க்கே பணிபுரிய வருகிறது! ரப்பர் பால் ஒவ்வாத பிள்ளைகளுக்கு வேறு பொருளால் ஆன வளையங்களும் உண்டு.

மங்கும் வாயும்

பால் வெட்டும் தொழிலை அறிந்தவர்களுக்கு ஈறு நோயை விளக்குவது எளிது. பால் எடுத்த பின்னரும் மங்கில் சில துளிகள் சொட்டி நிற்கின்றன. அவற்றைக் கவனியாது விட்டால் அவை உறைந்து கட்டியாகி மங்கோடு ஒட்டிக்கொள்கின்றன. பால் திரவமாக இருக்கும்பொழுது துடைத்தெடுப்பது எளிது. உறைந்தபின் பிய்த்தெடுக்க வேண்டும்.

நம் பற்களின் மீதும் இவ்வாறே நிகழ்கிறது. உண்டு முடித்த சில மணி நேரத்திலேயே நுண்கிருமிகள் நிறைந்த, ஒட்டும் தன்மையுள்ள ஒரு படலம் பற்களின் மேல் படிகிறது. நாவால் தடவினால் வழவழப்பாகத் தெரியும். இப்படலம் மென்மையாக இருக்கும்வரை பல்துலக்கியால் நீக்கிவிடலாம். நாட்கள் செல்லச் செல்ல உமிழ்நீரில் உள்ள சுண்ணச் சத்து அதில் படிந்து, கல்போல் இறுகிக் காரையாகிறது. பின்னர் எவ்வளவு துலக்கினும் அது போகாது. மருத்துவமனையில்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

கம்பி அணியாத வாயில் நாவும் உதடும் உமிழ்நீரும் படலத்தின் ஒரு பகுதியைத் தாமே துடைத்துவிடுகின்றன. கம்பி அணிந்த வாயிலோ தாங்கியின் நான்கு ஓரங்களிலும், கம்பியின் அடியிலும், ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் உணவு தங்குகிறது. முன்பு ஒரு மங்கு இருந்த மரத்தில் இப்பொழுது இருபது மங்குகள் கட்டியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். அத்தனையையும் தூய்மை செய்தாக வேண்டும் அன்றோ?

படலம் ஈறுகளின் விளிம்பில் தங்கினால் ஈறுகள் சிவந்து, வீங்கி, துலக்கும்பொழுது குருதி கசியும். சில பிள்ளைகளுக்கு ஈறுகள் தடித்துத் தாங்கியையே மூடத் தொடங்கும். வாய் நாற்றமும் உண்டாகும். இவையாவும் ஈறு அழற்சியின் அறிகுறிகள். இங்குப் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குருதியைக் கண்டதும் அஞ்சி, அவ்விடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகின்றனர். குருதி கசிவது, அங்கே படலம் தங்கியிருக்கிறது என்னும் அறிவிப்பு. அவ்விடத்தைத்தான் மென்மையாக, ஆனால் முழுமையாகத் துலக்க வேண்டும்.

இரண்டு ஆய்வுகள் கற்பிக்கும் பாடம்

ஈறு அழற்சி எதனால் உண்டாகிறது என்பதைத் தெளிவாக்கிய ஆய்வொன்று டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் நடைபெற்று, 1965-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் அதனை நடத்தினர். ஈறுகள் நலமாக இருந்த 12 பேர், பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அப்பன்னிருவருக்கும் ஈறு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. கெடுவதற்கு மூன்று வாரம் போதும்; தேறுவதற்கு ஒரு வாரம் போதும். காலத்தே விழித்துக்கொண்டால் ஈறு அழற்சி முற்றிலும் குணமாகக் கூடியது என்பது இதனால் உறுதியாயிற்று.

விழித்துக்கொள்ளாவிடின் என்னாகும்? இதற்கு விடை தந்த மற்றோர் ஆய்வு, நம்மைப் போன்ற தோட்ட மக்களிடையே நடந்ததாகும். அதே ஹரால்ட் லோவின் குழுவினர் 1970-ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்தின் டன்சினேன், ஹாரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தனர். 1985 வரை மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். அத்தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவ வசதி எட்டியதில்லை. முறையாகப் பல் துலக்கும் பழக்கமும் அவர்களிடம் இருக்கவில்லை. குறை அவர்களுடையதன்று, கற்பிப்பார் இல்லாத நிலையே காரணம்.

அவர்களிடையே சொத்தைப் பல் மிக அரிதாகவே காணப்பட்டது. எனினும் பற்கள் விழுந்தன. ஈறு நோய் உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்ததே அதற்குக் காரணம். 100 பேரில் 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. அவர்கள் 45 வயதளவில் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 பேருக்கு நோய் மெல்ல வளர்ந்தது. 11 பேருக்கு மட்டுமே ஈறு அழற்சியைத் தாண்டி நோய் வளரவில்லை.

ரப்பர் மரத்தைத் தாக்கும் வெள்ளை வேர் நோயை நாம் அறிவோம். மேலே இலை பசுமையாக இருக்கும்பொழுதே அடியில் வேர் அழுகிக்கொண்டிருக்கும்; இலை வாடுவதைக் கண்டு நாம் ஓடி வரும்பொழுது காலம் கடந்திருக்கும். எலும்பை அரிக்கும் ஈறு நோயும் பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. நம் பிள்ளை அந்த எண்மரில் ஒருவனா, பதினொருவரில் ஒருவனா என்பதைப் பதினான்கு வயதில் பார்த்துச் சொல்லிவிட இயலாது. ஆகவே, எல்லாப் பிள்ளைகளும் ஈறுகளைக் காத்தே ஆக வேண்டும். எலும்பை அரிக்கும் நோய் உள்ள வாயில் கம்பி கொண்டு பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் விரைவாக இழக்கப்படும். இதனால்தான், வாய்த் தூய்மை சரியில்லாத பிள்ளைக்கு மருத்துவர் கம்பி பொருத்த மறுக்கிறார். அதனைக் கடுமை என்று கருதலாகாது, அது பாதுகாப்பு.

வெள்ளைத் தழும்பு

ஈறுகளுக்கு நேரும் கேட்டோடு பல்லுக்கு நேரும் கேடும் ஒன்று உண்டு. படலத்தில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. தாங்கியைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்ணிறத் தழும்பு தோன்றுவது இதனால்தான். தூய்மை குறைந்த வாயில் கம்பி பொருத்திய ஒரு மாதத்திற்குள்ளேயே இது தொடங்கக்கூடும். இரண்டு ஆண்டு காத்திருந்து கம்பியைக் கழற்றும் நாளில், பற்கள் வரிசையாகவும் ஆனால் ஒவ்வொன்றிலும் சதுர வடிவத் தழும்போடும் காட்சியளித்தால் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்!

எனவே உணவில் கட்டுப்பாடு வேண்டும். கெட்டிப்பால் கலந்த தேநீர், சீராப்பு, புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் ஆகியவற்றை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகுதல் மிகவும் தீங்கானது. ஒவ்வொரு முறை பருகும்பொழுதும் அமிலத் தாக்குதல் புதிதாகத் தொடங்குகிறது. இனிப்பு உண்பதாயின் உணவு வேளையோடு உண்டு முடித்துவிட வேண்டும். இடையில் தாகத்திற்குத் தண்ணீரே சிறந்தது. முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, பனிக்கட்டி முதலிய கடினப் பொருள்கள் தாங்கியைப் பெயர்த்துவிடும். ஒட்டும் மிட்டாய்கள் கம்பியை வளைத்துவிடும். கொய்யா, ஆப்பிள் போன்ற கனிகளைக் கடிக்காமல் துண்டுகளாக நறுக்கி உண்ணலாம்.

ஃபுளோரைடு என்னும் சத்து எனாமலை வலுப்படுத்துகிறது. மலேசியாவில் குடிநீரில் இதனைச் சேர்க்கும் பணி முதன்முதல் நம் ஜொகூரில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1972-இல் அமைச்சரவை இதனை நாடு முழுமைக்கும் ஏற்றது. ஆயினும் ஆற்று நீரையோ கிணற்று நீரையோ நம்பியிருக்கும் இடங்களில் இப்பயன் கிட்டுவதில்லை. அத்தகைய இடங்களில் வாழ்வோர் ஃபுளோரைடு சேர்ந்த பற்பசையைத் தவறாது பயன்படுத்த வேண்டும்.

துலக்கும் முறை

1. மென்மையான இழைகளையுடைய சிறிய பல்துலக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பியில் உராய்வதால் இழைகள் விரைவில் விரியும். விரிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

2. முதலில் வாயைத் தண்ணீரால் நன்கு கொப்பளித்து, தங்கிய உணவுத் துணுக்குகளை வெளியேற்ற வேண்டும். ரப்பர் வளையங்களைக் கழற்றி வைக்க வேண்டும்.

3. பல்துலக்கியை ஈறுகளின் விளிம்பை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, சிறு சிறு அசைவுகளால் துலக்க வேண்டும். பால் வெட்டும் கை பட்டையின் ஆழத்தை அறியும், மரத்தைக் காயப்படுத்தாது. பல் துலக்கும் கையும் அத்தகைய அளவறிந்த கையாக இருத்தல் வேண்டும்.

4. பின்னர் தாங்கியின் மேற்புறம், கீழ்ப்புறம் எனப் பிரித்துத் துலக்க வேண்டும். அதன்பின் பற்களின் உட்புறமும், மெல்லும் தளமும், நாவும்.

5. கம்பியின் அடியில் நுழையும் சிறு கூம்புத் துலக்கியால் தாங்கிகளுக்கு இடையே தூய்மை செய்ய வேண்டும். இது மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

6. பற்பசை நுரையைத் துப்பிய பிறகு தண்ணீரால் மிகுதியாகக் கொப்பளிக்கலாகாது. ஃபுளோரைடு பற்களில் சிறிது நேரம் தங்கட்டும்.

கம்பி அணிந்த பிள்ளைக்கு இவையனைத்தையும் செய்து முடிக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். காலையும் இரவும் கட்டாயம் துலக்க வேண்டும். பள்ளியில் நண்பகல் உணவுக்குப் பின் துலக்க இயலாவிடின் வாயையாவது நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். கரித்தூள், செங்கல் தூள், உமிக்கரி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றைப் பயன்படுத்தலாகாது. கம்பியின் முனை கன்னத்தைக் குத்தினால், மருத்துவமனையில் தரும் மெழுகை அதன்மேல் ஒட்டிவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். வீட்டில் குறடு கொண்டு வெட்ட முயலக்கூடாது.

இரவின் ஐந்து நிமிடம்

விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளை காலையில் பல் துலக்குவதைக் காண முடிவதில்லை. ஆனால் இரவு அவர்களுடையது. உறங்கும்பொழுது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் கிருமிகளுக்கு அதுவே வாய்ப்பான நேரம். எனவே இரவில் துலக்குவது மற்றெல்லா வேளையிலும் முக்கியமானது. படுக்குமுன் பிள்ளையை விளக்கருகே அழைத்து, உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறுகள் இளஞ்சிவப்பாக, இறுக்கமாக, குருதிக் கசிவின்றி உள்ளனவா? தாங்கியின் உலோகம் பளிச்செனத் தெரிகிறதா? இதனைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. கண்ணும் அக்கறையும் போதும். அதட்ட வேண்டுவதில்லை. “இந்த இடம் விட்டுப் போயிற்று, அப்பா, இன்னொரு முறை துலக்கு” என்று கனிவாகக் கூறினால் பிள்ளை கேட்கும்.

போலிக் கம்பியிடம் எச்சரிக்கை

அரசாங்க மருத்துவமனைகளில் பல் சீரமைப்புச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் மிகுதி. தேவை கடுமையாக உள்ளோர்க்கு முதலிடம் தரப்படுகிறது. தனியார் சிகிச்சையோ ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவுடையது. இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகின்றனர். சில நூறு ரிங்கிட்டில் கம்பி பொருத்துவதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, வாடகை அறையிலோ அழகு நிலையத்திலோ வைத்து ஒட்டிவிடுகின்றனர். ஊடுகதிர்ப் படம் எடுப்பதில்லை, ஈறுகளைச் சோதிப்பதில்லை, கருவிகள் கிருமி நீக்கப்பட்டவையா என்பதும் தெரியாது. தவறான திசையில் நகர்ந்த பல் ஆட்டம் கண்டுவிடும். கழன்ற துண்டு தொண்டைக்குள் செல்லவும் கூடும்.

2017-ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான மலாக்காவில், பல் மருத்துவத் தகுதியின்றிக் கம்பி பொருத்தும் தொழில் நடத்திய ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பதிவு பெறாத தனியார் மருத்துவ நிலையம் நடத்துவோருக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 3 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் பதிவு பெற்றோர் மட்டுமே இப்பணியைச் செய்யலாம் என்கிறது. ஆனால் சட்டம் தண்டனை அளிக்கும். இழந்த பல்லை மீட்டுத் தராது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. தயங்காமல் கேளுங்கள். போலிக் கம்பியை ஏற்கெனவே அணிந்துவிட்ட பிள்ளை, திட்டுக்கு அஞ்சி அதனை மறைக்கக்கூடும். சினம் கொள்ளாமல் உடனே அரசாங்கப் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நமக்காக உள்ள சேவை

நம் நாட்டில் பள்ளிப் பல் மருத்துவச் சேவைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1921-இல் நியூசிலாந்து தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1949-ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டது. அவர்கள் வழிவந்தோரே இன்று பள்ளி தோறும் சென்று பிள்ளைகளின் பற்களைச் சோதிக்கின்றனர். அக்குழு பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பற்கள் ஒழுங்கின்றி இருப்பின், சீரமைப்பு நிபுணரிடம் அனுப்ப இயலுமா என்று அவர்களிடமே கேளுங்கள். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல், ஈறுகளை நலமாக்கும் காலமாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

கம்பி பொருத்திய பின்னர், குறித்த நாளில் தவறாது செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போகிறதே என்று தவணையைத் தள்ளிப் போட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். கம்பியைக் கழற்றிய பின்னும் பற்கள் பழைய இடத்திற்குத் திரும்ப முயலும். அதனைத் தடுக்க மருத்துவர் தரும் நிலைநிறுத்தியை அவர் சொன்ன காலம் வரை அணிய வேண்டும்.

கம்பி இரண்டாண்டு விருந்தாளி. பல்லும் ஈறும் வாழ்நாள் துணை. இலங்கைத் தோட்டத்தில் நம் உடன்பிறப்புகளுக்குக் கிட்டாத அறிவும் சேவையும் இன்று நம் பிள்ளைகளுக்குக் கிட்டியுள்ளன. அவற்றைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

வீட்டில் கலந்து பேசுவதற்கான வினாக்கள்

1. ஈறுகளில் குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்தலாமா? ஏன்?

2. கம்பி அணிந்த வாயில் படலம் மிகுதியாகத் தங்குவது எவ்வெவ்விடங்களில்?

3. சொத்தை இல்லாமலேயே பற்கள் விழக்கூடும் என்பதை எந்த ஆய்வு காட்டிற்று?

4. கம்பி பொருத்துபவர் தகுதி பெற்றவரா என்பதை எவ்வாறு அறியலாம்?